குழந்தை தலையில் அடிபட்டால்... உடனே ஸ்கேன் எடுக்கணுமா, காத்திருக்கலாமா?

கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை உருண்டு கீழே விழுகிறது. 'டொம்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி அழுகை. ஓடிவந்து தூக்கிப் பார்த்தால் நெற்றியில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. அவ்வளவுதான், வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "ஒண்ணும் ஆகாது, நாமெல்லாம் விழாமலா வளர்ந்தோம்?" என்பது ஒரு கட்சி. "எதுக்கு ரிஸ்க்? ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டுமே பாதி சரி, பாதி தவறு. குழந்தைகள் தலையில் படும் அடிகளில் மிகப் பெரும்பாலானவை வெறும் புடைப்போடு முடிந்துவிடும். ஆனால் மிகச் சிலருக்கு மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏற்படும். அந்தச் சிலருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்தச் சிலரை மற்றவர்களிடமிருந்து பிரித்து அடையாளம் காண்பதுதான் சவால். அதற்கு ஸ்கேன் மெஷினைவிட முதலில் தேவைப்படுவது இரண்டு விஷயங்கள்: என்ன நடந்தது என்று பெற்றோர் மறைக்காமல் சொல்வது, அடுத்த சில மணி நேரம் குழந்தையைக் கவனமாகப் பார்ப்பது.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மண்டையோட்டுக்கு அடியில் தடித்த உறை ஒன்று உண்டு. அதற்குக் கீழே மெல்லிய உறைகள், அதற்கும் கீழே மூளை. ரத்தம் எந்த அடுக்கில் கசிகிறது என்பதை வைத்துத்தான் டாக்டர்கள் அதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

மண்டையோட்டுக்கும் தடித்த உறைக்கும் நடுவே கசிந்தால் அது 'எபிடியூரல்'. பெரும்பாலும் மண்டையோட்டில் விரிசல் விழுந்து, அதை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் கிழிவதால் வருகிறது. இதன் ஆபத்தே, அடிபட்டவர் கொஞ்ச நேரம் நல்லாவே இருப்பார் என்பதுதான். பேசுவார், நடப்பார், பிறகு திடீரென மயங்குவார். ஹாலிவுட் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். ஆரம்பத்தில் நன்றாக இருந்ததால் மருத்துவ உதவி வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து இறந்தார். காரணம் எபிடியூரல் ரத்தக்கசிவு. அவர் பெரியவர்தான். ஆனால் 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் அது.

தடித்த உறைக்குக் கீழே கசிந்தால் 'சப்டியூரல்'. மூளை வேகமாகக் குலுங்கும்போது, மூளைக்கும் உறைக்கும் இடையே ஓடும் சின்னச் சின்ன சிரைகள் அறுந்துபோவதால் இது ஏற்படுகிறது. வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுவது, கைக்குழந்தையைப் பிடித்து வேகமாக உலுக்குவது ஆகியவை முக்கியக் காரணங்கள். இவை தவிர மூளைத் திசுவே கன்றிப்போய் உள்ளுக்குள் ரத்தம் கசிவதும் உண்டு.

எந்த வகையாக இருந்தாலும் பிரச்னை ஒன்றுதான். மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே ரத்தம் சேரச் சேர மூளைக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். கடைசியில் மூச்சையும் இதயத்துடிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு நசுங்கும்.

கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலைதான். கழுத்துத் தசைக்கு இன்னும் பலம் வந்திருக்காது. அதனால் எங்கிருந்து விழுந்தாலும் முதலில் தலைதான் தரையைத் தொடும்.

இன்னொரு விஷயம், உச்சிக்குழி. கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் முழுதாக ஒட்டியிருக்காது. உள்ளே ரத்தம் சேர்ந்தால் மண்டை கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். இது பாதுகாப்பு போலத் தெரிந்தாலும், அறிகுறிகள் தாமதமாக வெளிப்படுவதற்கும் இதுவே காரணம். அதோடு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி என்ற கணக்கில் 5 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 400 மில்லிதான். இரண்டு டம்ளர் அளவு. பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் அளவு ரத்தம் தலைக்குள் கசிந்தாலே குழந்தை வெளிறிப்போய், ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

'தலை வலிக்குது' என்று கைக்குழந்தையால் சொல்லவும் முடியாது. அதனால்தான் 2 வயதுக்குக் கீழ், 2 வயதுக்கு மேல் என இரண்டு தனித்தனி விதிமுறைகளை டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். 3 மாதத்துக்கும் குறைவான குழந்தை என்றால் கூடுதல் எச்சரிக்கை.

யாருக்கு சிடி ஸ்கேன் தேவை?

இந்தக் கேள்விக்கு இன்று உலகின் பல நாடுகளில் பயன்படும் பதில், 'பெகார்ன்' என்ற அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து வந்தது. 25 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குத் தலைக்காயத்தோடு வந்த, நினைவு ஓரளவு தெளிவாக இருந்த 42,412 குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2009-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. சுமார் 35 சதவீதம் பேருக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் உண்மையில் கவலைப்படும் அளவுக்கு மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு, அதாவது 0.9 சதவீதம். மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு மட்டும்.

2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை என்றால் டாக்டர் பார்ப்பது ஆறு விஷயங்கள்:

● வழக்கத்துக்கு மாறான மந்தம், எரிச்சல், நினைவுக் குழப்பம்
● தொட்டுப் பார்த்தால் தெரியும் மண்டையோட்டு விரிசல்
● நெற்றியைத் தவிர வேறு இடத்தில், அதாவது தலையின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ உச்சியிலோ புடைப்பு
● 5 விநாடி அல்லது அதற்கு மேல் நினைவிழப்பு
● 3 அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தது, வாகனம் மோதியது போன்ற பலமான அடி
● "குழந்தை எப்பவும் போல இல்ல டாக்டர்" என்று பெற்றோரே சொல்வது

இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், மோசமான மூளைக்காயம் இருக்க வாய்ப்பு 0.02 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்கேன் தேவையில்லை. முதல் இரண்டில் ஒன்று இருந்தால் ஸ்கேன் அவசியம். மற்ற நான்கில் ஏதாவது இருந்தால், ஸ்கேன் எடுக்கலாம் அல்லது மருத்துவமனையிலேயே சில மணி நேரம் வைத்துக் கவனிக்கலாம். அறிகுறி எத்தனை, கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பார்த்து டாக்டர் முடிவெடுப்பார்.

2 வயதுக்கு மேல் என்றால் பட்டியல் கொஞ்சம் மாறும். நினைவுக் குழப்பம், சிறிது நேரமானாலும் மயக்கம், வாந்தி, கடுமையான தலைவலி, 5 அடிக்கு மேலிருந்து விழுந்தது, மண்டையின் அடித்தளம் உடைந்ததற்கான அடையாளங்கள் ஆகியவை அதில் வரும். காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கன்றிப்போவதும், காது மூக்கில் தண்ணீர் போல வடிவதும் அந்த அடையாளங்கள்.

பட்டியலின் கடைசி வரியைக் கவனியுங்கள். 'எப்பவும் போல இல்ல' என்று அம்மா சொல்வது, மருத்துவ விதியில் ஓர் அளவுகோலாகவே இடம்பிடித்திருக்கிறது. அந்த இடத்தை எந்த மெஷினும் நிரப்ப முடியாது.

உயரத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கட்டில் 3 அடிக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் நின்றுகொண்டிருப்பவரின் இடுப்பிலிருந்து குழந்தை நழுவினால், அது 3 அடி கணக்கில் வந்துவிடும். 'கையில இருந்து நழுவிடுச்சு' என்பது கேட்க லேசாக இருக்கும், கணக்கில் லேசானது இல்லை.

எடுத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

சிடி ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கதிர்வீச்சு. வளரும் மூளைக்கு அதன் பாதிப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். 9 ஐரோப்பிய நாடுகளில், சிறு வயதில் சிடி ஸ்கேன் எடுத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்று 2023-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியானது. ஒரு முறை தலை ஸ்கேன் எடுக்கும் 10,000 பேரில், அடுத்த 5 முதல் 15 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒருவருக்கு அந்தக் கதிர்வீச்சால் மூளைப் புற்றுநோய் வரலாம் என்பது அதன் கணிப்பு.

இந்த எண்ணைப் பார்த்து, தேவைப்படும் ஸ்கேனை மறுத்துவிடக் கூடாது. ரத்தக்கசிவு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகித்தால், சில நிமிடங்களில் பதில் சொல்லும் கருவி சிடிதான். அப்போது அதன் பயன் ரிஸ்க்கைவிடப் பல மடங்கு பெரியது. தேவையில்லாதபோது 'மனத் திருப்திக்காக' எடுப்பதில்தான் சிக்கல். "இப்போ ஸ்கேன் வேணாம், இங்கேயே நாலு மணி நேரம் இருங்க" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. கண்காணிப்பும் ஒரு சிகிச்சைதான்.

எப்போது ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது?

● எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம், மயக்கம்
● வலிப்பு
● திரும்பத் திரும்ப வாந்தி
● கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருப்பது, பால் குடிக்க மறுப்பது, நிறுத்தவே முடியாத வீறிடும் அழுகை
● ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது
● ஒரு பக்கக் கை, கால் அசைவு குறைவது, தள்ளாட்டம்
● காது, மூக்கிலிருந்து ரத்தம் அல்லது தெளிந்த நீர்
● உடம்பு வெளிறிப்போவது

இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழைக்கலாம். சிடி ஸ்கேனும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள மருத்துவமனை எது என்று ஆம்புலன்ஸ் ஊழியரிடமே கேட்டுக்கொண்டு போவது நேரத்தை மிச்சப்படுத்தும். வழியில் சாப்பாடு, பால் எதுவும் கொடுக்க வேண்டாம். அவசர அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பலனும் இல்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும், வாயில் எதையும் விடக் கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாத சாதாரணப் புடைப்பு என்றால், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். புடைப்பை அமுக்கித் தேய்ப்பதும், ரத்தக்காயத்தில் காபித்தூளை அப்புவதும் வேண்டாம்.

தூங்க விடலாமா?

"தலையில அடிபட்டிருக்கு, தூங்க விடாதீங்க" என்பது தலைமுறை தலைமுறையாக வரும் அறிவுரை. தூக்கம் ரத்தக்கசிவை உண்டாக்காது. ரத்தக்கசிவால் வரும் மயக்கத்தைத் தூக்கம் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நியாயமான பயம். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில், வழக்கம் போலத் தூங்கினால் தூங்கட்டும். டாக்டர் சொன்ன இடைவெளியில் லேசாக எழுப்பிப் பார்க்கலாம். சிணுங்கி, கண் திறந்து, அம்மாவை அடையாளம் கண்டு மீண்டும் தூங்கினால் நல்லது. தூங்கும் நேரமே இல்லாதபோது அசந்து அசந்து விழுந்தால், அல்லது எழுப்ப முடியவில்லை என்றால், உடனே மருத்துவமனை.

ரத்தக்கசிவு உறுதியானால் என்ன செய்வார்கள்?

ரத்தக்கசிவு என்றாலே ஆபரேஷன் என்று நினைக்கத் தேவையில்லை. சின்ன அளவு ரத்தம், குழந்தை தெளிவாக இருக்கிறது என்றால், வார்டில் வைத்துக் கண்காணிப்பதே பல நேரங்களில் போதும். ரத்தம் தானாகவே கரைந்துவிடும்.

நினைவு நிலையை எண்ணாகச் சொல்ல 'கிளாஸ்கோ அளவுகோல்' பயன்படுகிறது. 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவான இது, கண் திறப்பது, பேசுவது, அசைவது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போடும். முழு மதிப்பெண் 15, மிகக் குறைவு 3. பேசத் தெரியாத குழந்தைகளுக்கு அழுகை, மழலை ஆகியவற்றை வைத்து மதிப்பிடும் தனி வடிவம் உண்டு. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் பொதுவாகச் செயற்கை சுவாசக் குழாய் பொருத்துவார்கள்.

ஐசியூவில் முதல் இலக்கு, ஆக்ஸிஜனும் ரத்த அழுத்தமும் குறையாமல் பார்த்துக்கொள்வது. முதல் அடியால் வந்த சேதத்தைத் திருப்ப முடியாது. அதன் பிறகு ஆக்ஸிஜன் கிடைக்காமல் வரும் இரண்டாவது சேதத்தைத் தடுக்க முடியும். கழுத்து மடங்காமல் தலைப்பகுதியைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி வைப்பார்கள். மூளை வீக்கத்தைக் குறைக்க அடர்த்தி கூடிய உப்புக் கரைசல் அல்லது மானிட்டால் ஏற்றுவார்கள். வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தருவார்கள். ஒருகாலத்தில் வழக்கமாகப் போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசி இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. பெரியவர்களிடம் நடந்த 'கிராஷ்' என்ற பெரிய ஆய்வில், ஸ்டீராய்டு கொடுத்தவர்களிடம் இறப்பு கூடியது 2004-லேயே தெரியவந்தது.

ரத்தக்கட்டி பெரிதாகி மூளையை அழுத்தினால் அறுவை சிகிச்சை. மண்டையோட்டைத் திறந்து கட்டியை அகற்றி, கிழிந்த ரத்தக்குழாயை அடைப்பார்கள். எபிடியூரலை நேரத்தோடு அகற்றினால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். தாமதம்தான் இங்கே எதிரி.

சின்ன அடி, பெரிய ரத்தக்கசிவு என்றால்?

சொல்லப்படும் கதைக்கும் ஸ்கேனில் தெரியும் காயத்துக்கும் பொருத்தம் இல்லையென்றால், டாக்டர் இரண்டு திசைகளில் யோசிப்பார்.

ஒன்று, ரத்தம் உறையும் தன்மையில் கோளாறு. ஹீமோபிலியா இருக்கலாம். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடாமல் விடப்பட்ட குழந்தையாகவும் இருக்கலாம். தாய்ப்பாலில் இந்த வைட்டமின் குறைவு என்பதால், ஊசி போடாத குழந்தைக்கு முதல் 6 மாதங்களுக்குள், பெரிய அடி எதுவும் படாமலேயே மூளையில் ரத்தக்கசிவு வரலாம். வீட்டில் பிரசவம் பார்ப்பதை நியாயப்படுத்துபவர்கள் மறந்துபோகும் ஊசி இது.

இரண்டாவது, யாரும் பேச விரும்பாதது. குழந்தையை யாராவது உலுக்கியிருக்கலாம், அடித்திருக்கலாம். அதனால்தான் கண் விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கிறதா, பழைய எலும்பு முறிவு இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். இது பெற்றோரைக் குற்றவாளியாக்கும் முயற்சி இல்லை. பேச முடியாத ஒரு குழந்தைக்காக டாக்டர் கேட்கும் கேள்வி. கைக்குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாவது மாதத்தில் உச்சத்துக்குப் போகும். தூக்கமில்லாத அம்மாவோ அப்பாவோ பொறுமை இழக்கும் நேரமும் அதுதான். அப்போது செய்ய வேண்டியது, குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பக்கத்து அறைக்குப் போய்விடுவது. அழுவதால் குழந்தைக்கு ஆபத்து இல்லை, உலுக்கினால் உண்டு. ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் இருந்தால் 1098 என்ற உதவி எண்ணை யாரும் அழைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் கதை முடியவில்லை

லேசான தலைக்காயம் என்றால் இரண்டு, மூன்று நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகப் பள்ளி, விளையாட்டு. ரத்தக்கசிவு ஏற்பட்ட குழந்தைக்கோ தொடர் பரிசோதனை தேவை. கைக்குழந்தையாக இருந்தபோது பட்ட அடியின் விளைவு, பேச்சுத் தாமதமாகவோ, கவனக்குறைவாகவோ, எழுத்து கூட்ட முடியாத சிரமமாகவோ பள்ளி வயதில் வெளிப்படலாம். அந்தக் குழந்தைக்கு 'மக்கு', 'அடங்காதவன்' என்று முத்திரை குத்தும் முன், டிஸ்சார்ஜ் சம்மரியை டீச்சரிடம் காட்டுவது நல்லது.

என்ன மாற வேண்டும்?

குடும்பங்களிடம் மட்டும் பொறுப்பைத் தள்ளிவிட முடியாது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்குபவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா சிகிச்சை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கானது. தூளியிலிருந்தோ, கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடியிலிருந்தோ விழும் குழந்தைக்கும் அதே 48 மணி நேரம்தான் முக்கியம். தலைக்காயத்தோடு வரும் 5 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் கதவு திறக்கப்பட வேண்டும்.

பைக்கில் பயணிக்கும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பு பெல்ட், 9 மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட், 40 கி.மீ. வேக வரம்பு என்ற மத்திய அரசின் விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அப்பா ஹெல்மெட்டோடு ஓட்ட, பெட்ரோல் டேங்க் மேல் வெறுந்தலையோடு குழந்தை உட்கார்ந்திருக்கும் காட்சி இன்னும் எல்லா சிக்னலிலும் தெரிகிறது. கனடா 2004-லேயே தடை செய்த பேபி வாக்கர், இங்கே முதல் பிறந்தநாளுக்கு முன்பே வந்து சேரும் பரிசுப் பொருள்.

இவை எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த மாற்றம் ஒன்று உண்டு. தலைக்காயத்தோடு வந்து, 'ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போகலாம்' என்று அனுப்பப்படும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோர் கையிலும், எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று எளிய தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளைக் கொடுத்தனுப்புவது. அரசு மருத்துவமனை, தனியார் கிளினிக் என்ற வித்தியாசம் இல்லாமல் இது கட்டாயமாக வேண்டும். ஸ்கேன் மெஷின் இல்லாத ஊர்கள் உண்டு, நரம்பியல் நிபுணர் இல்லாத ஊர்கள் உண்டு. ஒரு தாளைக்கூடத் தர முடியாத மருத்துவமனை எந்த ஊரிலும் இருக்கக் கூடாது.